கழகம் கைமாறும்போது

அந்நிய தேசத்தார் கடல் கடந்து வந்து, நம்முடையது என்று நாம் நினைத்திருந்த ஒன்றைத் தம் கைவசப்படுத்திக்கொள்வது பினாங்குத் தீவுக்குப் பழக்கமில்லாத சங்கதியன்று. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கிழக்கிந்தியக் கும்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றியபோது, பகைவரை எதிர்த்து நிற்கப் படைத்துணை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு தீவை விட்டுக்கொடுத்த கெடா சுல்தான், அந்தத் துணை வரப்போவதில்லை என்று தெளிந்து, 1791-இல் தீவை மீட்க முயன்று தோற்றுப்போனார். புதிதாக வந்தவரிடம் எதிர்பார்த்தது ஒன்று, அவர் மனத்தில் இருந்தது வேறொன்று என்ற அந்தப் பழைய அனுபவத்தை, அரசும் ஆயுதமும் சம்பந்தப்படாத ஒரு துறையில், அதாவது காற்பந்துக் கழகங்களின் விற்பனையில், இக்காலத்து மக்கள் பலரும் அடைந்துவருகிறார்கள். அவர்களுடைய ஆசைகளையும் அச்சங்களையும் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

இதில் நமக்குத் தனிப்பட்ட சிரத்தை உண்டாவதற்குக் காரணம், இந்த முறை கடல் கடந்து சென்று வாங்கியவர்கள் நம் நாட்டவர் என்பதே. 2010-இல் வின்சென்ட் டான் என்ற மலேசியத் தனவந்தரும் அவரைச் சேர்ந்தவர்களும் வேல்ஸ் நாட்டுத் தலைநகரின் கார்டிஃப் சிட்டி கழகத்தைக் கைக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஏர் ஏசியா விமான நிறுவனத்தை வளர்த்தெடுத்த டோனி ஃபெர்னாண்டஸ், மேற்கு லண்டனில் உள்ள குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தின் பெரும்பங்கை, மோட்டார்ப் பந்தய உலகில் புகழ்பெற்ற பெர்னி எக்கிள்ஸ்டனிடமிருந்து வாங்கினார். அவருடைய கூட்டாளிகளுள் ஒருவர் ரூபன் ஞானலிங்கம். கிள்ளான் துறைமுகத்தில் வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய காலஞ்சென்ற டான் ஸ்ரீ ஞானலிங்கத்தின் புதல்வர். 2023-இல் ஃபெர்னாண்டஸ் தம் பங்குகளைக் கொடுத்துவிட்டு விலகிய பிறகு, 1882-இல் பிறந்த அந்த லண்டன் கழகத்தின் பொறுப்பு முதன்மையாக இவரிடம் வந்து சேர்ந்தது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் லண்டனில் பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது ஜார்ஜ் டவுனில் இரவு 11 மணி ஆகிவிடுகிறது. அந்நேரத்தில் மாமாக் கடைகளின் தொலைக்காட்சிக்கு முன் தே தாரிக்கும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நம் இளைஞர்களுக்கு, ஓர் ஆங்கிலேயக் கழகத்தின் உடைமையாளர் பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்றைக் காண்பது எத்தகைய பெருமிதத்தைத் தரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அந்தப் பெருமிதத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் அந்த மைதானங்களின் மரப்படிகளிலும் சிமெண்டுப் படிகளிலும் தலைமுறை தலைமுறையாக நின்று கூவிய மக்களுக்கு நாம் யாராகத் தோன்றினோம் என்பதையும் அறிந்துகொள்ளாமல் அந்தப் பெருமிதம் முழுமை பெறாது.

சட்டத்தின் பார்வையில் கழகம் என்பது ஒரு கம்பெனி. அதற்குப் பங்குகள் உண்டு, கடன்கள் உண்டு, ஆட்டக்காரர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் உண்டு. இவற்றையெல்லாம் விலை பேசலாம், வாங்கலாம், விற்கலாம். ஆனால் நம் ஊரையே எடுத்துக்கொண்டால், பினாங்கு அணி என்றால் நம் மனத்தில் எழுவது பங்குப் பத்திரமா? ‘மலாயா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் அன்பளிப்பாக அளித்த கோப்பைக்காக 1921-இல் தொடங்கி, 1967 முதல் மலேசியக் கிண்ணம் என்று வழங்கிவரும் போட்டியில், 1953, 1954, 1958, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளில் பினாங்கு வெற்றி பெற்றது. அந்தக் கடைசி ஆண்டில் பேராக்கை வென்று கொண்டுவந்த கிண்ணம் அதற்குப் பின் இத்தீவுக்குத் திரும்பவே இல்லை. லீக் பட்டம் 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் கிடைத்தது. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, டத்தோ கிராமட் சாலைக்கு அருகே இருக்கும் நம் பழைய சிட்டி ஸ்டேடியத்தில், பகாங் அணிக்கு எதிராக ஃபாயிஸ் சுப்ரி தொலைவிலிருந்து உதைத்த பந்து, ஒரு பக்கமாகச் செல்வதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபக்கம் வளைந்து வலைக்குள் புகுந்ததையும், அதற்காக அடுத்த ஆண்டு ஜனவரியில் சூரிச் நகரில் உலகத்தின் மிகச் சிறந்த கோலுக்குரிய புஷ்காஷ் விருதை ஓர் ஆசிய ஆட்டக்காரர் முதன்முறையாகப் பெற்றதையும் இவ்வூரார் தங்கள் வீட்டு மங்கல நிகழ்ச்சிகளை நினைவு வைத்திருப்பதுபோலவே நினைவு வைத்திருக்கிறார்கள். இதில் எதையும் யாரும் எந்தப் பத்திரத்திலும் எழுதி விற்றுவிட இயலாது. எனினும் கழகத்தை வாங்குகிறவர் இதற்கும் சேர்த்தே விலை கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது. அந்த எண்ணத்திலிருந்துதான் இத்தனை மனஸ்தாபமும் பிறக்கிறது.

கார்டிஃபில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1899-இல் ரிவர்சைடு என்ற பெயரில் ஒரு கிரிக்கெட் சங்கத்தார் தொடங்கிய அந்தக் கழகம், 1908 முதல் நகரத்தின் பெயரைத் தாங்கி வருகிறது. பெல்ஜிய நாடகாசிரியர் மேட்டர்லிங்க் எழுதிய ‘நீலப் பறவை’ நாடகம் 1911-இல் அந்நகரில் நடிக்கப்பெற்ற காலத்திலிருந்து, நீலச் சட்டை அணிந்த அந்த அணிக்கு நீலப் பறவைகள் என்ற செல்லப்பெயர் நிலைத்துவிட்டது. 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி வெம்பிளியில் ஆர்சனலை ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்று, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை அந்நாட்டு எல்லைக்கு வெளியே கொண்டுசென்ற ஒரே கழகம் என்ற கீர்த்தியை அடைந்தது. அக்கீர்த்தி இன்றுவரை வேறு எந்தக் கழகத்துக்கும் வாய்க்கவில்லை. இத்தகைய பூர்விகப் பெருமை வாய்ந்த ஸ்தாபனம், 2010-இன் தொடக்கத்தில் வரி பாக்கிக்காக நீதிமன்றத்தில் கலைக்கப்படும் அபாயத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, கோலாலம்பூரிலிருந்து பணம் வந்தது. அந்தப் பணம் வராமற்போயிருந்தால் கழகத்தின் கதி என்னவாகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்த எந்த ரசிகனும் அன்று நம்மவரை வெறுத்திருக்க மாட்டான். ஆட்டக்காரர்களின் நெஞ்சில் ‘மலேசியா’ என்ற எழுத்துகள் பொறித்த சட்டையை அவர்கள் முகம் சுளிக்காமலேயே ஏற்றுக்கொண்டார்கள்.

2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு யோசனை வெளியாயிற்று. இனிமேல் சொந்த மைதானத்தில் அணியின் சட்டை சிவப்பாக இருக்கும். சின்னத்தில் வேல்ஸ் நாட்டு டிராகன் பெரிதாக நிற்கும். நீலப் பறவை அதன் காலடியில் சிறிதாக ஒடுங்கிக்கொள்ளும். ஆசிய நாடுகளில் சிவப்பு மங்கலமான நிறம், டிராகன் வலிமையின் அடையாளம், ஆகவே இந்த மாற்றத்தால் கழகத்தின் பெயர் கிழக்கே பரவும் என்பது கூறப்பட்ட காரணம். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், யோசனை கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பிறகு நடந்ததுதான் மனத்தை உருக்குவது. சிவப்பு இல்லையென்றால் மலேசிய மூலதனமும் இல்லாமற்போகுமோ என்ற கலக்கம் நகரெங்கும் பரவ, வெகுண்டவர்களுள்ளேயே ஒரு சாரார் ‘சட்டை எந்த நிறமானால் என்ன, கழகம் உயிரோடிருந்தால் போதும்’ என்று தணிந்து பேசத் தொடங்கினார்கள்; மறுசாராரோ, நிறத்தைக் கொடுத்து வாங்கும் உயிர் நமக்கு எதற்கு என்று கேட்டார்கள். தந்தையும் மகனும், கால் நூற்றாண்டாக அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து வந்த நண்பர்களும் இந்தக் கேள்வியால் பிரிந்து நின்றார்கள். ஜூன் மாதத்தில் சிவப்புச் சட்டை உறுதியாயிற்று.

வெற்றி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013-இல் அந்தச் சிவப்புச் சட்டையோடுதான் கார்டிஃப் தன் பிரிவில் முதலிடம் பெற்று, 51 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்தரப் பிரிவில் அடியெடுத்து வைத்தது. அந்த நாளில் மைதானத்துக்குள் ஓடிவந்து கூத்தாடியவர்களுள் பலர் பழைய நீலத் துண்டையே கழுத்தில் சுற்றியிருந்தார்கள். அவர்களுடைய ஆனந்தமும் மெய்யானது, அந்தத் துண்டும் மெய்யானது. அதே ஆண்டு டிசம்பரில், அணியை அந்த உயரத்துக்கு ஏற்றிய பயிற்சியாளர் மால்கி மக்கே நீக்கப்பட்டார். அடுத்து வந்த சோல்ஷியரால் அணியைக் காப்பாற்ற இயலவில்லை. 2014-இல் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்துக் கார்டிஃப் கீழிறங்கியது. நீலம் வேண்டும் என்ற கிளர்ச்சி அதன்பிறகு அடங்கவே இல்லை. 2015 ஜனவரி 9-ஆம் தேதி வின்சென்ட் டான் நீலத்துக்குத் திரும்புவதாக அறிவித்தார். பௌத்தப் பக்தி மிக்க தம் தாயார் ஒற்றுமையின் மேன்மையைக் குறித்துத் தமக்கு எடுத்துச் சொன்னதையும் அந்த அறிவிப்பில் குறிப்பிட்டிருந்தார். மறுநாளே ஃபுல்லம் அணிக்கு எதிரான ஆட்டத்தில் நீலச் சட்டை களமிறங்கியது.

வின்சென்ட் டானைக் கொடியவராகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. பெரும்பொருளை அந்தக் கழகத்தில் கொட்டியவர் அவர். தம் பிடிவாதத்தை ஊரறியக் கைவிட்டவரும் அவரே. அவருடைய பிழை, தாம் வாங்கியது எது, வாங்காதது எது என்று பிரித்தறியாததுதான். நம் கோயில்களில் ராஜகோபுரம் எழுப்பிக் கொடுத்த தனவந்தர் கல்வெட்டில் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளலாம், திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்ளலாம், தர்மகர்த்தாவாக அமர்ந்து கணக்கு வழக்குகளை மேற்பார்க்கலாம். கருவறையில் இருக்கும் மூர்த்தியை மாற்றுவதற்கு அவருக்குப் பாத்தியதை கிடையாது, அவ்வாறு மாற்ற வேண்டுமென்று அவருக்குத் தோன்றுவதும் கிடையாது. கார்டிஃப் மக்கள் கேட்டது இவ்வளவே. கேட்டவர்கள் வேல்ஸ்காரர்கள் என்பதாலும் கேட்கப்பட்டவர் மலேசியர் என்பதாலும் இதை இனத்துவேஷமாகக் கருதியவர்கள் நம்மிடையே இருந்திருக்கலாம். ஆனால் நீலம் திரும்பிய பிறகும் அதே மலேசியர் அதே கழகத்தின் உடைமையாளராக இருந்துவந்தார் என்பதும், 2018-இல் மீண்டும் முதல்தரப் பிரிவுக்கு ஏறியபோது அந்த மக்கள் அவரோடு சேர்ந்தே கொண்டாடினார்கள் என்பதும் அந்தக் கருத்துக்குப் போதுமான மறுமொழி.

குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தின் கதை வேறு விதமானது. அங்கே யாரும் சட்டையின் நீல வெள்ளைப் பட்டைகளைத் தொடவில்லை. ஃபெர்னாண்டஸ் வந்தபோது அக்கழகம் 15 ஆண்டுகள் கழித்து அப்போதுதான் முதல்தரப் பிரிவுக்குத் திரும்பியிருந்தது. முந்தைய உடைமையாளர்கள் அனுமதிச் சீட்டின் விலையை மிகவும் உயர்த்தியதை ஏற்காமல், நிர்வாகத்தில் இருந்தவரும் எஃகு அதிபர் லட்சுமி மிட்டலின் மருமகனுமான அமித் பாட்டியா அந்த ஆண்டு மே மாதத்தில் பதவியைத் துறந்திருந்தார். சலித்துப்போயிருந்த ரசிகர்களுக்கு, சிரித்த முகத்தோடு வந்து அவர்களோடு கலந்து பேசிய மலேசியர் பெரும் ஆறுதலாகத் தோன்றினார். அவர் சிறுவயது முதல் வெஸ்ட் ஹாம் கழகத்தின் அபிமானி என்பதையும், அதை வாங்க முன்பு முயன்றவர் என்பதையும் அவர்கள் அறிந்தே பொறுத்துக்கொண்டார்கள்.

இங்கே நேர்ந்த தீங்கு அன்பின் மிகுதியால் வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களை, அவர்களுடைய இளமை கழிந்துகொண்டிருந்த பருவத்தில், பெருஞ்சம்பளம் கொடுத்து ஒருவர்பின் ஒருவராகச் சேர்த்தார்கள். 18,000 பேர் அமரக்கூடிய சிறிய மைதானம் ஒன்றின் வருமானத்தைக்கொண்டு அந்தச் சம்பளத்தைக் கொடுக்க இயலாது என்பது கணக்கறிந்த எவருக்கும் விளங்கும். 2013-இல் கடைசி இடம், கீழிறக்கம். அந்த வருஷத்தில்தான் கார்டிஃப் மேலேறியது. 2014 மே மாதத்தில் வெம்பிளியில் பத்துப் பேராகக் குறைந்துபோன நிலையில், ஆட்டம் முடியும் தறுவாயில் பாபி ஜமோரா அடித்த கோலால் டெர்பி கௌண்டியை வென்று ரேஞ்சர்ஸ் மீண்டும் ஏறியது. அந்த வருஷம் கார்டிஃப் இறங்கியது. மலேசியர் உடைமையான இரு கழகங்கள் மாறிமாறி ஏறி இறங்கிய அந்த இரண்டு ஆண்டுகளில், எல்லாவற்றையும்விடப் பொறுமைதான் விலை மிகுந்தது என்பதை இரு நகரத்து மக்களும் கண்டுகொண்டார்கள். 2015-இல் ரேஞ்சர்ஸ் மறுபடியும் கடைசி இடம்.

வரவுக்கு மிஞ்சிச் செலவிடும் கழகங்களைக் கட்டுப்படுத்த லீக் நிர்வாகம் விதித்திருந்த நிதி ஒழுங்கு விதிகளை 2013-14 பருவத்தில் மீறியதற்காக, நெடுநாள் வழக்காடிய பிறகு, 2018-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அக்கழகம் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு அபராதமும் 30 லட்சம் பவுண்டு வழக்குச் செலவும் செலுத்த வேண்டியதாயிற்று. உடைமையாளர்கள் தாங்கள் கொடுத்திருந்த கடனில் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பவுண்டைத் திரும்பக் கேட்க இயலாத பங்கு மூலதனமாக மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியாகச் சொன்ன இந்த அம்சத்தைச் சாதாரண வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு தனவந்தர் கழகத்தில் ‘பணம் போடுகிறார்’ என்று பத்திரிகைகள் எழுதும்போது அந்தப் பணம் இரண்டு வழிகளில் வரலாம். பங்கு மூலதனமாக வந்தால், கழகம் தாழ்ந்தால் அவரும் தாழ்வார். கடனாக வந்தால், கழகம் அவருக்குக் கடன்பட்டு நிற்கும்; அவர் விலக நினைக்கும் நாளில் அந்தக் கடனே அடுத்து வாங்க வருபவரைத் தடுக்கும் மதிலாக நிற்கும். ஆகவே எத்தனை கோடி என்று கேட்பதற்கு முன் எந்த வழியில் வருகிறது என்று கேட்பதே விவேகமான ரசிகனின் முதல் கேள்வி.

பின்னாளில் இக்கழகத்தை நடத்தியவர்களின் போக்கில் ஒரு நிதானம் புலப்படுகிறது. 2019-இல் மைதானத்தின் பெயரை ஒரு வியாபார நிறுவனத்துக்கு விற்பதற்குப் பதிலாக, அக்கழகத்தின் இளைஞர் அணியில் ஆடிவந்து, 2006-இல் பள்ளி வாசலில் ஒரு சண்டையை விலக்கப்போய்க் கத்திக்குத்துக்கு இரையான 15 வயதுச் சிறுவன் கியான் பிரின்ஸின் நினைவாக நடக்கும் அறக்கட்டளைக்கு அந்தப் பெயர் உரிமையை இலவசமாக அளித்தார்கள். அதற்கு ரசிகர்களின் வாக்கு கேட்கப்பட்டது. 2022-இல் மைதானம் மலேசியாவின் ஏற்றுமதி மேம்பாட்டு நிறுவனமான மாட்ரேடின் பெயரைப் பெற்றது. 2023-இல் ஹெஸ்டன் என்ற இடத்தில் புதிய பயிற்சித் திடல் அமைந்தது. கோப்பைகள் வரவில்லை. ஆனால் உடைமையாளர் இன்னும் அங்கேயே இருக்கிறார், தொடர்ந்து நஷ்டத்தைத் தாங்குகிறார் என்பதை அந்த ஊர் ரசிகர்கள், ஆட்டம் தோற்ற நாளில் எவ்வளவுதான் கடிந்து பேசினாலும், கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்க வருபவர் அந்நியர் என்பதாலேயே ஒரு கழகம் கெடுவதுமில்லை, உள்ளூரார் என்பதாலேயே வாழ்வதுமில்லை. தாய்லாந்தைச் சேர்ந்த விச்சாய் ஸ்ரீவத்தனப்பிரபா 2010-இல் வாங்கிய லெஸ்டர் சிட்டி, 2016-இல் உலகமே வியக்க இங்கிலாந்தின் முதல்தரப் பட்டத்தை வென்றது. அவர் அந்நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 20 லட்சம் பவுண்டு நன்கொடை அளித்தார். 2018 அக்டோபரில் மைதானத்துக்கு வெளியே ஹெலிகாப்டர் விழுந்து அவர் மாண்டபோது, அந்த ஊரார் சொந்த உறவினரை இழந்தவர்கள்போல் மலர்களைக் குவித்து அழுதார்கள். அதே 2010-இல் பூனாவைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ், 1995-இல் பட்டம் வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தை வாங்கிச் சில வாரங்களுக்குள் அனுபவசாலியான பயிற்சியாளரை நீக்கியது. 2012-இல் கழகம் கீழிறங்கிற்று, பிறகு ஒரு காலத்தில் மூன்றாம் பிரிவுக்கும் இறங்கிற்று. உடைமையாளர்கள் பணம் அனுப்பாமல் இருக்கவில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் இந்தியாவிலிருந்து அந்தப் பணத்தை அனுப்புவதற்கே டெல்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியதாகிவிட, லங்காஷையர் மாகாணத்து நெசவாலைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் தங்கள் அணி புதிய ஆட்டக்காரரைச் சேர்க்குமா என்று அறிவதற்கு டெல்லி நீதிமன்றத்தின் விசாரணைத் தேதியைப் பார்த்திருக்கும் விசித்திரம் நேர்ந்தது. இந்த இரண்டு கழகங்களின் உடைமையாளர்களும் ஆசியர்கள், இருவரும் செல்வந்தர்கள், இருவரும் ஒரே ஆண்டில் வந்தவர்கள். ஒருவர் ஊராரோடு வந்து உட்கார்ந்தார். மற்றவர் தொலைவிலிருந்து ஆண்டார். என் மனத்துக்கு எட்டியவரை, ரசிகர்களின் நெஞ்சில் வித்தியாசத்தை உண்டாக்கியது இதுவே.

இவ்வளவு தூரம் சென்று திரும்பிய நாம் இப்போது நம் வாசலைப் பார்க்க வேண்டும். மலேசியாவில் நெடுங்காலம் மாநிலச் சங்கங்களே அணிகளை நடத்திவந்தன. மாநில அரசின் மானியமும் முதலமைச்சரின் தயவும் அவற்றைத் தாங்கின. 2021-ஆம் ஆண்டுப் பருவத்தை ஒட்டி, கழகங்கள் மாநிலச் சங்கங்களிலிருந்து பிரிந்து தனி நிறுவனங்களாக வேண்டும் என்று மலேசியக் காற்பந்துச் சங்கம் விதித்தது. அவ்வாறே பினாங்கு அணியும் ஒரு கழகமாக உருமாறியது. 2020-இல் இரண்டாம் பிரிவில் முதலிடம், 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம், 2022-இல் அதே சூப்பர் லீக்கின் அடியில் என்று மூன்றே ஆண்டுகளில் அது கண்ட ஏற்ற இறக்கம், பொருளாதார அஸ்திவாரம் உறுதியாக அமையாத ஒரு ஸ்தாபனத்தின் நாடித்துடிப்பை நமக்குக் காட்டுகிறது. அண்டை மாநிலங்களின் நிலை இன்னும் கலக்கம் தருவது. சம்பள பாக்கி என்ற சொல் மலேசியக் காற்பந்துச் செய்திகளில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. 2025-இல் கெடா கழகத்துக்கு உரிமம் மறுக்கப்பட்டது, பேராக்கும் பகாங்கும் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டன. 1974-இல் நாம் வென்ற பேராக், 2016-இல் ஃபாயிஸ் சுப்ரி கோலடித்த பகாங்! தனியார் முதலீடு வரட்டும் என்று வாசலைத் திறந்துவைத்த பிறகு, வருகிறவர் கோலாலம்பூர்க்காரரா, ஜகார்த்தாக்காரரா, லண்டன்காரரா என்பதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இத்தகைய நெருக்கடியில் எவருக்கு இருக்கும்? கார்டிஃப் மக்கள் 2010-இல் நின்ற இடத்தில் நாமும் நிற்கும் காலம் தொலைவில் இல்லை.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னும் கசப்பான ஒரு பாடம் முன்னரே கிடைத்திருக்கிறது. தோட்டப்புறத்துத் திடல்களில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்த இந்திய இளைஞர்களுக்கு ஒரு வழி அமைக்க வேண்டுமென்று, மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் பெயரால் ஓர் அணி லீக்கின் கீழ்ப்படிகளிலிருந்து ஏறிவந்தது. அது சூப்பர் லீக்கை எட்டிய 2019-ஆம் ஆண்டில், பினாங்கில் பிறந்த விஜய் ஈஸ்வரன் நிறுவிய, ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட கியூஐ குழுமத்தின் உடைமையாகி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி ஆடியது. புதிய நிர்வாகம் நன்னோக்கம் இல்லாததன்று; 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் முழுக்க உள்நாட்டினரைக்கொண்டே சூப்பர் லீக்கில் ஆடிய துணிவு அதற்கு இருந்தது; நம் பிள்ளைகள் பலர் அங்கே சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களாயினர். ஆனால் 2022 பருவம் முடிந்ததும் கழகம் லீக்கிலிருந்து விலகியது; அந்த அணி இல்லாமலே போயிற்று. வாங்கியவர் நம்மவர், பெயரில் தமிழர், பிறப்பில் பினாங்குக்காரர். அப்படியிருந்தும், ‘நிறுத்துகிறோம்’ என்ற முடிவு எடுக்கப்பட்ட அறையில், அந்த அணிக்காகச் சனிக்கிழமை மாலைகளைச் செலவிட்ட ஒருவருக்கும் நாற்காலி இல்லை. மீஃபா என்ற பெயரை மார்பில் தாங்கிய சட்டையைத் தம் மகனுக்கு வாங்கிக் கொடுத்த தகப்பனார்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வேதனை சட்டமாகக் கனிந்திருக்கிறது. 2019-இல் பரி என்ற பழைய கழகம் கடனால் லீக்கிலிருந்து நீக்கப்பட்டதும், 2021 ஏப்ரலில் பெரிய கழகங்கள் தங்களுக்குள் ஒரு தனி ஐரோப்பிய லீக் அமைக்க முயன்று ரசிகர்களின் எதிர்ப்பால் இரண்டே நாளில் பின்வாங்கியதும் அரசாங்கத்தை அசைத்தன. டிரேசி கிரௌச் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நடத்திய ஆய்வின் பயனாக, 2025 ஜூலையில் காற்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, மேல் ஐந்து பிரிவுகளில் உள்ள ஆடவர் கழகங்களை மேற்பார்க்கத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. கழகத்தை வாங்க வருபவரின் தகுதியையும் அவருடைய பணத்தின் மூலத்தையும் விசாரிப்பது அந்த அமைப்பின் பொறுப்பு. சட்டையின் முதன்மை நிறத்தையும் கழகச் சின்னத்தையும் ரசிகர்களில் பெரும்பான்மையோரின் சம்மதமின்றி மாற்றலாகாது என்பது சட்டத்தின் விதி. ஆங்கில லீக்கில் ஆடும் கார்டிஃபுக்கும் இது பொருந்தும். அந்த விதியின் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் 2012-இல் கார்டிஃபில் சிந்திய கண்ணீர் இருக்கிறது. அந்த வகையில், நாம் விரும்பாத முறையில் என்றாலும், மலேசியர் பெயர் பிரிட்டிஷ் சட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

நமக்கு அத்தகைய சட்டம் இல்லை. விரைவில் வரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் சட்டம் வராமலே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்குப் பக்கத்துக் கழகமான பிரெண்ட்ஃபோர்டில், ரசிகர்களின் சங்கம் 2012-இல் தன் பெரும்பங்கை மாத்யூ பென்ஹம் என்ற செல்வந்தருக்குக் கொடுத்தபோது, மைதானத்தை ரசிகர்களின் இசைவின்றி விற்கக்கூடாது என்று தடுக்கும் அதிகாரமுடைய தனிப் பங்கு ஒன்றை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்தப் பங்குக்கு லாபத்தில் உரிமை இல்லை, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் பேச்சு இல்லை. குறிப்பிட்ட ஒரு விஷயத்தில் ‘கூடாது’ என்று சொல்லும் ஒரே ஓர் அதிகாரம்தான் உண்டு. பென்ஹம் அதற்காக வருந்தி விலகவில்லை. 2021-இல் அவருடைய பிரெண்ட்ஃபோர்ட் முதல்தரப் பிரிவுக்கு ஏறியது.

பினாங்குக் கழகத்துக்கும் அப்படியொரு பங்கை இப்போதே, வாங்குவதற்கு யாரும் வந்து நிற்காத இந்த நேரத்திலேயே, எழுதி வைக்க வேண்டும். பினாங்கு என்ற பெயர், கருஞ்சிறுத்தை என்ற பட்டம், சட்டையின் நிறம், தீவிலேயே ஆட வேண்டிய ஆட்டங்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை ஆகிய நான்கையும் அந்தப் பங்கின் காவலில் வைத்து, அதை மாநிலக் காற்பந்துச் சங்கமும் பதிவுபெற்ற ரசிகர் சங்கங்களும் கூட்டாக வைத்திருக்கட்டும். வாங்க வருபவர் இதைக் கேட்டுத் தயங்கினால், அவர் எதை வாங்க வந்தார் என்பது பணம் கைமாறுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். தயங்காமல் ஒப்பினால், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், சிட்டி ஸ்டேடியத்தின் முதல் வரிசையில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார இவ்வூரார் ஆயத்தமாக இருப்பார்கள்.